வாய்க்கால் கரையில் ஒரு சத்தியம்

அன்று என்னை அறைந்ததற்காக அத்தை இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. நானும் மறக்கவில்லை. பதினைந்து பேரைக் காப்பாற்றிய ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த சன்மானம் அதுதான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். முந்தின வருஷம் எனக்கு வந்த காய்ச்சலில் நான் பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லையாம். பிழைத்தால் என் காலாலேயே நடத்திக் கூட்டிவருவதாக அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஆகவே இது என் யாத்திரை, மற்றவர்களெல்லாம் எனக்குத் துணை என்பது என் எண்ணம். பெரிய தேர் புறப்படுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா திட்டத்தை மாற்றினார். அம்மாவின் அண்ணன், கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். தார்ரோட்டை விட்டு வாய்க்கால் கரையோடு போனால் ஒரு பெரிய பண்ணை வருமாம். அங்கே யாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்களாம். மூன்று நாள் தங்கிக் காலாற்றிக்கொண்டு போகலாமாம். அதுவரை தேர் எனக்காகக் காத்திருக்குமா? நான் கத்தினேன். "தேரு அடுத்த வருசமும் ஓடும், வாய மூடிக்கிட்டு வா" என்றார் மாமா. அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டார். எனக்காக நேர்ந்த யாத்திரையில் என்னைத் தவிர எல்லாரும் முடிவெடுத்தார்கள்.

இரண்டு மைல் போயிருப்போம். மதகடியில் இருபது முப்பது பெண்கள் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மூங்கிலில் சிவப்புக் கொடி. இரண்டு பக்கமும் குறுவை முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. வயலில் ஓர் ஆள் இல்லை. ஆட்சி மாறிய புதிது. கூலியைக் கூட்டிக் கேட்டு அந்தப் பக்கமெல்லாம் அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துவிடாதபடி பெண்கள் காவல் இருந்தார்கள்.

"எந்த ஊரு ஆளுங்க நீங்க? இந்தக் கரையில வேளாங்கண்ணிக்கு ஏது வழி?" என்று கேட்டாள் முன்னால் இருந்தவள். அம்மா வயதுதான் இருக்கும். அம்மாவைப் போலவே அவள் காலிலும் சேற்றுப்புண். மாமா தன் காவி வேட்டியைத் தொட்டுக் காட்டி, கழுத்திலிருந்த ஜெபமாலையையும் தூக்கிக் காட்டினார்.

"காவி கட்டிட்டா யாத்திரையா? மூட்டையப் பிரிங்க."

முதலில் பிரிந்தது அம்மாவின் மூட்டை. சேலைக்குள் சுற்றி வைத்திருந்த கதிரரிவாள் வெளியே வந்தது. பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இது எதற்கு, யார் வயலை அறுக்க என்று கேட்டதற்கு அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் எனக்குத் தெரியும். கிளம்பும்போது நான் பார்த்துக் கேட்டதற்கு, மாதா காலடியில் வைக்கத்தான் என்று அம்மாவே சொல்லியிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மாதாவைப் பார்க்கப் போகிறவர்களைத் திருடர்கள் மாதிரி வெயிலில் நிறுத்தி வைப்பதா? பெரியவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"எங்கம்மா அத மாதாவுக்குப் போடத்தான் கொண்டு வர்றாங்க. நாங்க யாரு வயலையும் அறுக்க வரல. மாதா மேல சத்தியம். பொய்யின்னா போன வருசம் வந்த காய்ச்சல் எனக்குத் திரும்பி வரட்டும்."

அந்தப் பெண் தன் கையாலேயே அரிவாளைச் சேலைக்குள் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாள். "புள்ளய வெயில்ல நிறுத்தாதீங்க. போங்கக்கா" என்று வழிவிட்டாள். மற்ற மூட்டைகளை யாரும் தொடவில்லை.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் மாமாவின் மனைவி, அதுதான் என் அத்தை, கன்னத்தில் ஒன்று வைத்தாள். "ஒன்ன யாருடி பேசச் சொன்னது?" அப்பா தடுக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா அவர் பக்கத்தில் குந்தி நெடுநேரம் ஏதோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் அப்பா எழுந்து, "புள்ள சொல்லிட்டா மச்சான். இனிமே முடியாது" என்றார். பண்ணைக்குப் போகாமல் வயல்களின் குறுக்கே நடந்து தார்ரோட்டுக்குத் திரும்பினோம். அன்று மத்தியானம் யாருக்கும் சோறு இல்லை. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள்.

அந்தப் பண்ணையில் எங்களுக்குக் காத்திருந்தது அன்னதானம் அல்ல, அறுப்பு வேலை என்பதை அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். எங்கள் ஊர் கடைமடை. அந்த வருஷம் தண்ணீர் எட்டவில்லை. குறுவையும் இல்லை, வீட்டில் நெல்லும் இல்லை. மூன்று நாள் அறுத்தால் மழைக்காலத்தைத் தள்ளிவிடலாம் என்று பண்ணைக் காரியக்காரரிடம் மாமா முன்பே பேசி வைத்திருந்தார். என் வாய்க்குப் பயந்து என்னிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள்.

வேளாங்கண்ணியில் தேர் பார்த்தேன். மறுநாள் காலையில் அம்மா தன் அரிவாளை மாதா முன்னால் வைத்தாள். அடுத்து அப்பாவின் மூட்டையிலிருந்து ஒன்று வந்தது. பிறகு மாமா, அத்தை என்று பெரியவர்கள் ஒவ்வொருவராக எடுத்து வைத்தார்கள். மொத்தம் பதினொரு அரிவாள். "இது கோயிலா, கொல்லுப்பட்டறையா?" என்று பீடத்தைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சலித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்து எல்லாரும் காப்பியடிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல். அதிலும் அத்தை வைத்துவிட்டு அழுதாள். கொடுக்க மனமில்லை என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஊர் திரும்பிய பிறகும் என்னை யாரும் நிம்மதியாக விடவில்லை. மழைக்காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அம்மா நாளைக்குப் பத்துத் தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அத்தை போகும்போதும் வரும்போதும் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். தும்மினால்கூட அப்பா ஓடிவந்தார். நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கிற பிள்ளையை இவர்கள் ஏன் இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.