நுரையீரலில் ஒரு மீசை

ஆஸ்பத்திரி இருட்டறையிலிருந்து எக்ஸ்ரே பிலிம் திருடியவன் நான். சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதலாம்.

போன வாரம் எனக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் டாக்டரின் திரையில் என் விலா எலும்புகள். ஐந்து நிமிடம்! இப்படி ஒரு படத்துக்காகச் செல்லமுத்து காத்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்பென்சர் நான். பொழுதுபோக்கு, வெயில் படம். தாளில் இரும்பு மருந்துக் கலவையைத் தடவி, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால், நீல நிறத்தில் படம் விழும். (இரும்பு மருந்து ஏது? சோகைக்கு டானிக் கலக்க வைத்திருந்ததுதான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) லிந்துலையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வந்தபோது பிடித்துக்கொள்வேன்.

பெரிய சிக்கல் வேறு. நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவுதான். என் காமிரா நெகட்டிவோ தீப்பெட்டி அளவு. அதைப் பெரிதாக்கப் பெரிய பிலிம் வேண்டும். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்த காலம் — கிடைத்தாலும் யானை விலை.

இந்த நேரத்தில்தான் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி வந்தார்.

"தொரை பங்களாவுல மாட்டியிருக்கிற மாதிரி பெருசா ஒண்ணு வேணுங்க ஐயா. சின்னதுல மீசை எடுபடாது."

மறுவாரம், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி செல்லமுத்துவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். விடாத இருமல். காசநோயோ என்று சந்தேகம். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இருட்டறை உதவியாளர் எனக்குப் பழக்கம். காலாவதியான பிலிம் இருந்தால் தருவார். அன்று இல்லை என்றார். அவர் தேநீர் குடிக்கப் போன நேரம்... பெட்டியில் மேலாக இருந்த ஒன்றை உருவி, கறுப்புத் தாளில் சுற்றிக்கொண்டேன்.

அது புதுப் பிலிம் அல்ல. எடுத்து முடித்து, கழுவுவதற்காக வைத்திருந்தது.

வீட்டில், முன்பே காமிராவில் பிடித்திருந்த கங்காணியின் முகத்தை அதன் மேல் பெரிதாக்கிக் கழுவினேன். முகம் வந்தது. முகத்துக்கு மேல் ஒரு நெஞ்சுக்கூடும் வந்தது. மூலையில் நோயாளி எண் — நானே சீட்டில் எழுதிக் கொடுத்த செல்லமுத்துவின் எண்.

கங்காணி அவசரப்படுத்தியதால் ஒரு பிரதி போட்டுக் காட்டினேன்.

"என்னங்க இது? என் மூஞ்சிக்கு லயத்துக் கூரைத் தகரம் போட்டிருக்கீங்க?"

சிரிப்பதற்கு இல்லை. செல்லமுத்து தோட்டத்து ஆஸ்பத்திரியின் தனி அறையில் இருந்தான். அவன் அங்கே போன மறுநாள் பிறந்தது அவனுடைய முதல் குழந்தை. படம் வந்து, நெஞ்சு சுத்தம் என்று தெரியும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. உத்தரவு போட்டவன் யார்? நான்தான்.

"நம்ம படம் வந்துருச்சுங்களா ஐயா?" தினமும் ஜன்னல் வழியாகக் கேட்பான்.

"வரும்."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் பன்னிரண்டு நாள் அப்படிச் சொன்னேன். பதின்மூன்றாம் நாள் அவன் மனைவி ராக்கு, மழையில் குழந்தையோடு வேலிக்கு அப்பால் நின்றாள்.

"ஐயா, புள்ள மொகம் தெனம் ஒரு மாதிரியா மாறிக்கிட்டே போகுதுங்க. இவரு எப்பத்தான் பாக்குறது?"

அன்றே இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அவனையும் அந்தப் பிலிமையும் நுவரெலியா டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் முழுக்க மீசை. இதுக்கு நான் என்ன மருந்து எழுத?"

பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. என் தகுதிக்கு அது குறைவுதான். புதுப் படம் எடுத்தார்கள். அன்றைக்கே பார்த்துச் சொன்னார்கள். வெறும் மார்ச்சளி.

செல்லமுத்து லயத்தில் தன் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை; ராக்கு பிடித்துக் காட்டினாள்.

பரிகாரமாக ஏதாவது செய்ய வேண்டுமே. மறுவாரம் காமிராவோடு போய் நின்றேன். மூவரையும் சேர்த்து ஒரு நல்ல படம் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

ராக்கு முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"வேணாங்க ஐயா. இப்பத்தான் இவரு புள்ளைய அடையாளம் கண்டுக்கிட்டாரு. நீங்க எடுத்தா அதுல யாரு மொகம் வருமோ."