‘இன்னொரு நாள் இருங்கள்’ என்று எழுதியவர்

சவரிமுத்து இறந்த செய்தி எனக்கு டிக்கெட் ஜன்னல் வழியாக வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். மதுரைக்கு இரண்டு டிக்கெட் கேட்டுக் கை நீட்டியவருக்குப் பின்னால் பாலக்கரைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வரிசையை விட்டு விலகாமலே, “உங்க சிநேகிதர் தவறிட்டாருங்க. விடியற்காலையில. நெஞ்சுவலி” என்றார். நான் மதுரைக்கு மூன்று டிக்கெட்டில் தேதி குத்திக் கொடுத்தேன். வாங்கியவர் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் இரங்கல் குறிப்பு வந்தது. “என் நூலுக்குத் தகவல் திரட்டுவதில் சிறு உதவிகள் புரிந்த ரயில்வே சிப்பந்தி சவரிமுத்துவின் மறைவுக்கு வருந்துகிறேன்” என்று நம் ஊர்ப் பிரமுகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அவருக்கு இருக்கும் ஆசைக்கு நான் ஏன் இன்னொரு முறை தீனி போட வேண்டும்? அவர் யார் என்பது சவரியை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். துக்கத்தால் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி கோபம். அது பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

திருச்சி ஜங்ஷனில் என் ஜன்னலுக்கு அடுத்தது விசாரணை ஜன்னல். பதினாறு வருஷம் சவரி அதில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டி எப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. சொல்லவும் சொல்வார். ஆனால் கூடவே, “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, நாளைக்குப் போகக் கூடாதா?” என்று கேட்பார். ஐம்பதுகளின் நடுவில், ராமேசுவரம் போகும் வழியில் ஒரு நாகபுரித் தம்பதி இறங்கினார்கள். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் இரண்டையும் பார்த்துவிட்டுச் சாயங்கால வண்டியைப் பிடிக்க முடியுமா என்று விசாரித்தார்கள். சவரி தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், முடியும், ஆனால் அப்படிப் போனால் பார்த்ததாக ஆகாது என்றார். அவர்கள் மூன்று நாள் தங்கினார்கள். போகும்போது அந்த அம்மாள் மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் சவரி சொன்னதை நான் பிறகு பலரிடமும் சொல்லக் கேட்டிருக்கிறேன்: “கோயிலைப் பார்க்க அரைநாள் போதும். ஊரைப் பார்க்கணும்னா அந்த ஊர்ல ஒரு தடவையாவது தூங்கி எழுந்திருக்கணும்.”

ஏன் தங்க வேண்டும் என்பதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. ஓய்வு கிடைக்கும் ஞாயிறுகளில் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் இறுக்கி மடித்த குடையும் ஒரு நோட்டுப் புத்தகமுமாகக் கிளம்பிவிடுவார். பல ஞாயிறுகளில் நானும் உடன் போயிருக்கிறேன். திருவானைக்காக் கோயிலில் லிங்கத்தடியில் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று அர்ச்சகரைக் கேட்டு எழுதுவார். உறையூரில் தறிச் சத்தம் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் நிற்கிறது என்று நடந்து பார்ப்பார். மலை உச்சியில் எல்லோரும் வடக்கே திரும்பிக் காவிரியைப் பார்க்கும்போது, அவர் தெற்கே திரும்பி, ரயில் புகை எங்கெங்கே எழுகிறது என்று குறித்துக்கொள்வார். நான்கு நோட்டுகள் நிரம்பின. தலைப்பும் அவரே வைத்தார்: ‘இன்னொரு நாள் இருங்கள்’.

ஸ்ரீரங்கம் நான் பிறந்த ஊர். ஏழு சுற்று மதில்களில் வெளிச்சுற்றுக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், மளிகைக் கடையும் தையல் கடையும் நடத்துகிறார்கள் என்பதில் எனக்கு எந்த அதிசயமும் தெரிந்ததில்லை. சவரிக்கு அதுதான் பெரிய காரணம். “கோயிலுக்குள்ளேயே போஸ்ட்மேன் வர்றாரு, ஸ்ரீரங்கத்தாரே. இதை எந்த ஊர்ல போய்ப் பார்ப்பீங்க?” என்பார். ஆனால் ஆரியபடாள் வாசல் வந்ததும் நின்றுவிடுவார். அதற்கு மேல் மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை. யாரும் அவரைத் தடுத்ததில்லை. நெற்றியில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. நான் ஒருமுறை, யாருக்குத் தெரியப்போகிறது, வாருங்கள் என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார். நான் மட்டும் உள்ளே போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பார்த்ததை வெளியே வந்து சொல்வேன். அவர் வாசலோரம் நின்றபடி எழுதிக்கொள்வார். அந்தப் பக்கங்களின் தலையில் தன் கையால் இப்படி எழுதி வைத்தார்: “இதற்கு அப்பால் நான் போனதில்லை. நண்பர் பார்த்துச் சொன்னதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அது கேட்டு எழுதிய என்னுடையது.”

சர்க்கார் வேலையில் இருப்பவர் வெளியில் புத்தகம் போட மேலிடத்தின் அனுமதி வேண்டும். அதை வாங்கித் தருவதாகச் சொல்லி வந்தவர்தான் அந்தப் பிரமுகர். அச்சகத்தாரைத் தனக்குத் தெரியும், முன்னுரையும் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். சவரி நோட்டுகளைப் பார்த்துச் சுத்தமாக ஒரு பிரதி எழுதி அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். எட்டு மாதம் வரை, அனுமதி இன்னும் வரவில்லை என்றே பதில். ஒன்பதாம் மாதம் ‘திருச்சிராப்பள்ளிப் பெருமை’ என்ற பெயரில் புத்தகம் வந்தது. அட்டையில் பிரமுகரின் பெயர். முகப்பில் அங்கவஸ்திரத்தோடு அவர் படம். உள்ளே வரிக்கு வரி சவரியின் எழுத்து. ஆரியபடாள் வாசலுக்கு அப்பாலான பக்கங்களில் மட்டும் சவரியின் குறிப்பை எடுத்துவிட்டு, “அடியேன் கண்ணாரக் கண்டது” என்று சேர்த்திருந்தார். நான் கண்டதை.

சவரி அவர் வீட்டுக்குப் போனார். நானும் வாசல்வரை போனேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார். அனுமதியில்லாமல் எழுதியதாக வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து, உன் நன்மைக்காகத்தான் என் பெயரைப் போட்டேன் என்று பிரமுகர் சொன்னாராம். அன்று எங்கள் ஸ்டேஷனில் அவரைச் சமாதானப்படுத்தாதவர்கள் இல்லை. ஊருக்குத்தானே நல்லது என்றார்கள். பங்குச் சாமியார் மன்னிக்கச் சொன்னார். “மன்னிக்கிறேன் சாமி. முதல்ல அவர் வந்து கேட்கட்டும்” என்று பதில் சொன்னதாகச் சவரியே என்னிடம் கூறினார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் புத்தகத்தோடு வந்து வழி கேட்பவர்களுக்கு, முகம் சுளிக்காமல், தன் வரிகளைத் தானே விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பக்கத்து ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் நான் பட்ட வேதனைகளில் ஒன்று.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் வந்தது. சென்னையிலிருந்து சரித்திர ஆசிரியைகள் இருபது பேர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஊர் பார்க்க வந்தார்கள். நூலாசிரியரே சுற்றிக் காட்ட வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். பிரமுகர் மாலையோடு பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டார். குழுவுக்குத் துணையாகச் சவரியை ஸ்டேஷனிலிருந்து அனுப்பினார்கள். எனக்கு அன்று ஓய்வு. நானும் போனேன். உண்மையைச் சொன்னால் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

மலைக்கோட்டை வாசலில் ஓர் ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும், கனத்த கண்ணாடி போட்டவர், மேலே ஏறுவதற்கு முன் அடிவாரத்துக் குகையைப் பார்த்துவிடலாம் என்றார். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள் என்று புத்தகத்திலேயே இருந்தது. குகை, வீடுகளுக்கு நடுவே ஒதுங்கி இருப்பது. பிரமுகர் கையை வீசி முன்னால் நடந்தார். முதல் சந்து ஒரு வீட்டுக் கொல்லையில் முடிந்தது. இரண்டாவது சந்து சுற்றிச் சுற்றி மறுபடி கடைத்தெருவுக்கே கொண்டுவந்து விட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வேர்த்துப்போய்ப் பின்னால் திரும்பி, “என்னப்பா சவரிமுத்து, நீதான் கொஞ்சம் காட்டேன்” என்றார்.

சவரி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “ஐயா எழுதின புஸ்தகம். ஐயாவுக்குத் தெரியாத வழி எனக்கு எப்படிங்க தெரியும்?”

அவர் குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. பிரமுகர் என்னைப் பார்த்தார். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், இந்தப் பக்கம் பழக்கமில்லை என்றேன்.

கண்ணாடிக்கார ஆசிரியை ஒரு கடைப்படியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். “ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்தக் குகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.” பிறகு நிமிர்ந்து, மீதி இரண்டு பேர் யார் என்று பிரமுகரைக் கேட்டார். யாரோ பக்தர்கள் என்றார் அவர்.

அப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அதுல ஒருத்தன் நான்தாங்க” என்றேன். “இன்னொருத்தி என் சம்சாரம். உட்கார்ந்திருந்தவருக்குத் தயிர்சாதம் கொண்டுபோனோம்.”

அந்த அம்மாள் பிரமுகரைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ அவரை. ஸ்டேஷனில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சவரியிடம் கேட்டார். விசாரணை ஜன்னல் என்றார் சவரி.

“அப்ப நான் உங்ககிட்ட விசாரிக்கிறேன். குகைக்கு எப்படிப் போகணும்?”

“விசாரிச்சா சொல்றது என் வேலைங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சவரி நடந்தார். இருபது பேரும் அவர் பின்னால் போனார்கள். அன்று முழுவதும், குகையிலிருந்து உச்சிவரை, உச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம்வரை, அவர்தான் பேசினார். பிரமுகர் கொஞ்ச தூரம் கடைசி ஆளாக வந்தார். மாணிக்க விநாயகர் சன்னதிக்குப் பக்கத்தில் ஒரு ஜட்காவைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார். அவர் முதுகை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்துக்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

ஆசிரியைகள் ஊருக்குப் போன மூன்றாம் வாரம் சவரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பயணிகளிடம் கண்ணியக் குறைவாக நடந்துகொண்டதாகப் புகார். திண்டுக்கல் பாதையில், ஒரு நாளைக்கு நான்கு வண்டி நிற்கும் ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். விசாரிக்க அங்கே ஆள் கிடையாது. நாலரை வருஷம் இருந்தார். குடும்பம் பாலக்கரையில். நெஞ்சுவலி முதலில் வந்ததும் அங்கேதான். உடம்பைக் காரணம் காட்டித் திரும்பி வந்தபோது, மனம் இளகியிருக்கும் என்று நினைத்து, அன்று பேசாமல் வழியைக் காட்டியிருக்கலாமோ என்று கேட்டேன். “அந்த ஒரு நாளுக்காக இன்னொரு நாலரை வருஷம்கூட இருப்பேன்” என்றார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பிரமுகர் வந்திருந்தார். பெரிய மாலை. சாமியார் ஜெபத்தை முடித்ததும், இரண்டு வார்த்தை பேசலாமா என்று முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். சவரியின் மனைவி ரோசம்மாள் அதுவரை தலை நிமிரவில்லை. நிமிர்ந்து, “நீங்க பேச வேண்டாங்க” என்றார். அவ்வளவுதான். பிரமுகர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான்கு நோட்டுகளும் ரோசம்மாளிடம் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் பாலக்கரைக்குப் போய்ப் பார்க்கலாம், காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுத நானும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். பெரிய மனதோடு இதை விட்டுவிடலாமே என்று என்னிடம் சொல்கிறார்கள். சவரியிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது அவருடைய கோபம்தான். அதை யாருக்கும் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். ‘திருச்சிராப்பள்ளிப் பெருமை’யை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து, முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரை அடித்தேன். மேலே ‘ம. சவரிமுத்து’ என்று எழுதினேன். தலைப்பையும் அடித்து, அவர் வைத்த தலைப்பை எழுதினேன். மை காய்வதற்காகக் காத்திருந்தபோது எதிரே நூலகர் நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

“இதுல இன்னொரு காப்பியும் இருக்குங்க” என்றார். “எடுத்துட்டு வரட்டுங்களா?”