படகுக்கென்று பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

பாய்மரப் படகுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று போடியில் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மலையில் எந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று கேட்டார்கள். படித்த பிள்ளைக்கு நேரத்தில் வரன் பார்க்காவிட்டால் புத்தி இப்படித்தான் போகும் என்று சித்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொச்சியில் படித்தபோது பாய்மரம் பழகினேன். அங்கே ஓய்வுபெற்ற டாக்டரம்மா ஒருவர் தன் சொந்தப் படகில் லட்சத்தீவு, மாலத்தீவு என்று சுற்றிவர ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். கடல் வரைபடம், வானிலை, மின்சாரம் மூன்றையும் பார்த்துக்கொள்ள என்னை எடுத்தார். படகுக்குத் தோதான கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதும் என் பொறுப்பு. படகு பழுதுபார்க்கக் கரையேறியிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தோம். அந்த இடத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டிருப்பேன்.

அப்பாவுக்குப் போடிமெட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டம். கூடவே காய் உலர்த்தும் ஸ்டோரும் ஒரு ஜீப்பும் உண்டு. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் நிறுத்துவார். பொம்பளைப் பிள்ளையை அனுப்புகிறோம், அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவைக்கிறேன் என்று என்னிடம் நம்பர் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"பேசிட்டேன் ஆத்தா. தங்கமான மனுசி. நீ மெஷினைப் பாரு."

அம்மா குழம்பு ஊற்றினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் மெஷினைப் பார்த்தேன். படகில் மின்சாரம் என்பது சூரியத் தகடும் பேட்டரியும்தான், அதனால் குறைவாகக் குடிக்க வேண்டும். காற்றாடி வைத்த மெஷின் உப்புக்காற்றை உள்ளே இழுத்துச் சீக்கிரமே செத்துப்போகும். உள்ளே சுழலும் டிஸ்க் இருந்தால் அலை ஆட்டத்துக்குத் தாங்காது. லேப்டாப்பில் ஒன்று போனால் எல்லாம் போகும். ஆகவே காற்றாடி இல்லாத சின்னப் பெட்டி ஒன்று, பேட்டரியிலிருந்து நேரே ஓடுவதாக, தனித் திரையோடு. திரை உடைந்தால் திரையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக அப்பாவிடம் விளக்கினேன். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு பொறுமையாக நான் பேசியதைக் கேட்டதில்லை. ஈரத்தில் பூத்துப்போகுமா என்றார். கரண்டே இல்லாமல் எத்தனை நேரம் தாங்கும் என்றார். நல்ல கேள்விகள். அப்பாவுக்குக் கடல் பிடிபட்டுவிட்டது என்று பூரித்துப்போனேன், முட்டாள்.

மதுரைக்கும் கூடவே வந்தார். கடையில் பெட்டியைக் கையில் வாங்கி, உலர்ந்த காயை ஆட்டிப் பார்ப்பதுபோலக் காதோரம் வைத்து ஆட்டினார். காய் நன்றாக உலர்ந்திருந்தால் உள்ளே விதை கலகலக்கும். இது கலகலக்கவில்லை. கடைக்காரர் பதறிப்போய்க் கை நீட்டினார். உள்ளே எதுவும் ஆடவில்லை, நல்ல சரக்கு என்று அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். நான் சிரித்தேன். அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஜீப்பில் கட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். படகிலும் ஜீப்பிலும் ஒரே பேட்டரிக் கணக்கு. ஸீட்டுக்கு அடியில் பெட்டியை இறுக்கிக் கட்டி, ஜீப்பு பேட்டரியில் கொடுத்து, வேலையாட்களோடு மெட்டு ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். திரையில் கடல் வரைபடம் அசையாமல் நின்றது. மேலே மூடுபனியில் துணியெல்லாம் நனைந்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குழந்தை மாதிரி கைதட்டினேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

டாக்டரம்மாவிடம் சொல்லியாக வேண்டுமே. கொஞ்ச நாளாக அவரிடமிருந்து பேச்சே இல்லை, படகு வேலையில் இருப்பார் என்று விட்டிருந்தேன். தோட்டத்தில் டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டேன். மெஷின் தயார், எப்போது வரட்டும் என்றேன். அவர் மெதுவாக மலையாளத்தில் சொன்னார்.

"அச்சன் அன்னே விளிச்சு பறஞ்ஞல்லோ மோளே. கல்யாணம் உறப்பிச்சு என்னு."

நம்பர் கொடுத்த அன்றே அப்பா கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவளுக்கு உங்களிடம் சொல்லக் கூச்சம், தயவுசெய்து நீங்களும் கேட்டுவிடாதீர்கள் என்று. அந்த நல்ல மனுஷி கேட்கவில்லை. என் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார். பெயர் பதிந்து, அனுமதி வாங்கி, எல்லாம் முடிந்திருந்தது. எந்தக் கல்யாணமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன்.

அப்பா ஸ்டோரில் இருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன். மறைக்கக்கூட இல்லை அவர். குரலும் உயரவில்லை.

"போகாதேன்னா நீ போயிருப்ப. ஸ்டோருக்கு ஒரு மெஷினு வேணும்னு ரொம்ப நாளா நெனப்பு. இங்க ஈரத்துக்கும் கரண்டுக்கும் எது வச்சாலும் நிக்க மாட்டேங்குது. உன்னைய மாதிரி பாத்து எடுக்க யாரு இருக்கா? வெரசா மாட்டிக் குடு ஆத்தா, காய் எடையெல்லாம் அதுல ஏத்தி வைக்கணும்."

கத்தினேன், அழுதேன், எதையோ தூக்கி எறிந்தேன். அவர் நான் ஓயும்வரை காத்திருந்தார். அப்புறம் மாட்டிக் கொடுத்தேன். வேறு போக்கிடம் இல்லை. அந்த மெஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவரை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஆட்களைப்போல 'முதலாளி' என்கிறேன். வலிக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் தடவை கூப்பிட்டபோது காய் தரம் பிரிக்கும் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகத்தில் வலியே இல்லை, நிம்மதிதான் தெரிந்தது. நான் இனி எங்கும் போகமாட்டேன் என்று அவருக்கு அப்போதுதான் உறுதிப்பட்டிருக்கும்.