அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க

இஸ்திரிக்காரம்மாவின் கொழுந்தனுக்குத் தெருவில் சாவி என்று பெயர். மீசை முளைக்கும் வயதிலேயே எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவன், அண்ணி போட்ட சத்தத்தில் வெல்டிங் பட்டறையில் சேர்ந்து கேட்டும் கிரில்லும் செய்ய ஆரம்பித்தான். "நான் செஞ்ச கேட்டை என்னாலயே திறக்க முடியல அண்ணி. தொழில் சுத்தம்னா இதுதான்!" என்பான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம்தான் ஊரில் ஆட்கள் சுடப்பட்டு விழ ஆரம்பித்தார்கள். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், நம்பர் இல்லாத பைக். முதலில் விழுந்தவன் கடைக்குக் கடை மாமூல் வாங்கிய ரவுடி. அவளுடைய தள்ளுவண்டியை ஒருநாள் கவிழ்த்துப் போட்டவன். "விட்டது சனியன்" என்றுதான் அவளும் சொன்னாள். அடுத்து ஒரு கஞ்சா வியாபாரி. அதற்கடுத்து, செல்போன் பறிக்கிற ஒருத்தன். சின்னத் திருடன்வரை வந்துவிட்டதே என்று அன்று ராத்திரியே அவள் சாவியைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நாள் எங்கயாவது போய் இரேன்பா."

"எங்க போனாலும் நான் சாவிதானே அண்ணி. இங்கயாவது வேலை இருக்கு."

பட்டப்பகலில் வந்தார்கள். சாவி அவளுடைய வண்டி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பைக் நின்றது. "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று ஒரு குரல். பழகிய குரல். யாரோ துணி எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நிமிராமலே தள்ளிக்கொண்டாள். மூன்று தடவை வெடித்தது.

மூலைவீட்டுக் கான்ஸ்டபிளின் குரல் அது. வாராவாரம் யூனிஃபார்ம் கொண்டுவந்து தருகிறவன். அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அவனேதான்.

"வாயைத் திறக்காதே" என்றார் கணவர். "தம்பி போயிட்டான். நீயும் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

"நான் தள்ளிக்கிட்டேங்க. அவன் சொன்ன உடனே தள்ளிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கான்ஸ்டபிள் வழக்கம்போலத் துணிமூட்டையோடு வந்து நின்றான். "மனசைத் தேத்திக்குங்கக்கா."

"அன்னிக்கு நீங்க சொன்னதும் தள்ளிக்கிட்டேன் தம்பி. இனிமே தள்ளிக்க மாட்டேன்."

அவன் முகம் செத்துப்போனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஊரு நல்லதுக்குத்தானேக்கா. இப்ப எல்லாரும் நிம்மதியா தூங்குறீங்க இல்ல?"

"அவன் கேட்டும் கிரில்லும் செஞ்சுக்கிட்டு இருந்தான் தம்பி."

மூட்டையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போனாள். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கோர்ட்டுக்கே.

தெரு அவளை ஒதுக்கியது. பாதி வீடுகள் துணி கொடுப்பதை நிறுத்திக்கொண்டன. "அந்தக் கான்ஸ்டபிள் இருந்ததாலதான் தைரியமா கடை திறந்தேன்" என்று மளிகைக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன கேஸ் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேலி செய்தார். அப்படி இருக்கையில், சுடப்பட்ட அந்தச் செல்போன் திருடனின் அம்மா ஒருநாள் அவளைத் தேடி வந்தாள். "என்கிட்டயும் மரியாதையாதான் சொன்னான். 'அம்மா, உள்ள போங்க'ன்னு. உள்ள போய்க் கதவையும் சாத்திக்கிட்டேன்" என்றாள். வண்டியைப் பிடித்தபடி இரண்டு பெண்களும் வெகுநேரம் அழுதார்கள். அந்த அம்மாவும் சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கான்ஸ்டபிளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பைக் ஓட்டியவன் யாரென்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் சுடுவது நின்றது. சில்லறைத் திருட்டுகள் மெல்லத் தலைதூக்கின.

ஒருநாள் காலையில் மளிகைக்காரர் உடைந்த பூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவள்மேல் பாய்ந்தார். "பாத்தியா? எல்லாம் உன்னாலதான்!"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்கண்ணே. தனியாப் போகப் பயமா இருந்தா, நானும் கூட வர்றேன்."

அவர் கொஞ்சநேரம் முனகிக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு பேரும் நடந்தார்கள்.