பயிற்சிக் காரில் அம்மா ஓட்டிய பந்தயம்

முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவைப் பற்றி மூத்த மகன்தான் எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவின் முதல் ஐம்பத்தைந்து வருடங்களை எழுதுவது எளிது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கே இன்னும் விளங்கவில்லை. நடந்தபடி சொல்கிறேன். விளங்கியவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

அம்மா சித்தையன்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திருமணமாகித் திண்டுக்கல் வந்த சில வருடங்களில் அப்பாவுக்கு மில் வேலை போயிற்று. அம்மா கார் ஓட்டப் பழகி, பெண்களுக்குச் சொல்லித்தரும் வேலையில் சேர்ந்தார். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கித் தாமே பயிற்சிப் பள்ளி நடத்தினார். இருபது வருடங்களுக்கும் மேலாக, ஓட்டுபவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, அங்கே பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடி எங்களைப் படிக்க வைத்தார். அதிர்ந்து பேசமாட்டார். அறுபதுக்கு மேல் வேகம் போய் நாங்கள் பார்த்ததில்லை.

ஐம்பத்தைந்து வயதில் பயிற்சிப் பள்ளியை மூடிய மறுவாரம் அந்தக் காரின் பின்சீட்டைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்.

அப்பா எனக்கு போன் செய்தார். "ஏலே, உங்கம்மா கார விக்கிறதுன்னா வித்துட்டுப் போகட்டும். சீட்டக் கழட்டிப்புட்டா நான் எங்கிட்டு உக்கார்றது?"

நேரில் போய்க் கேட்டேன். "ரேஸுக்குப் போறேன்டா" என்றார் அம்மா, வடமதுரை வரை போய்வருகிறேன் என்பதைப் போல. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில், சாதாரண ஆட்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாள் ஒன்று உண்டாம். ஒவ்வொரு காராக விட்டு நேரம் குறிப்பார்களாம். பயிற்சிக்கு வந்த பெண் யாரோ சொன்னாளாம்.

டாக்டரிடம் காட்டலாமா என்று தங்கை கேட்டாள். நான் கார்ச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா இன்னொரு சாவியைப் போட்டு, நிலக்கோட்டை ரோட்டில் இருந்த மெக்கானிக் சேவியர் அண்ணனின் பட்டறைக்கு ஓட்டிப்போய்விட்டார்.

சேவியர் அண்ணனுக்கு எஞ்சினில் கைவைக்க ஆசை. அம்மா விடவில்லை. "மொத பிரேக்கு, அடுத்து டயரு. கையில மிச்சம் இருந்தா எஞ்சினப் பாப்போம் தம்பி." மிச்சம் இருக்கவில்லை. பிரேக் கட்டைகள் மாறின. யாரோ பாதி ஓட்டிவிட்டு விற்ற பந்தய டயர்கள் வந்தன. கார் உருண்டாலும் ஆள் நசுங்காதிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். இரண்டாவது பிரேக்கை அம்மாவே கழற்றினார். பிறகு புளி லாரிகளுக்கு நடுவே எடைமேடையில் காரை ஏற்றி, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவருவார்.

ஒரு நாள் நான் போனபோது, சத்தம் குறைவதற்காகக் காரின் தரையில் ஒட்டியிருந்த தார்த்தகட்டை உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"எடை கொறையணும்ல."

நான் கேட்டது அதை அல்ல. ஆனாலும் என்ன தோன்றியதோ, இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பந்தய நாளில் காரைச் சோதித்தவர், சீட் பெல்ட்டைப் பிடித்திருந்த போல்ட் சிறியது, ஓட்ட விடமுடியாது என்றார். அம்மாவின் முகம் சுருங்கியதைக் கண்டதும், முதலில் இதைத் தடுக்கப் பார்த்த நானே அந்த ஆளிடம் கெஞ்சினேன். அம்மாவோடு போட்டிக்கு வந்த ஒருவர்தான் தம்மிடமிருந்த பெரிய போல்ட்டும் தகடும் தந்தார். சேவியர் அண்ணன் மாட்டி முடிக்கும்போது அம்மாவின் முறை வந்துவிட்டது.

மூன்று சுற்று. முதல் சுற்றிலேயே ஒரு வளைவில் கார் சுழன்று புல்லுக்குள் போய்ப் புழுதிக்குள் மறைந்தது. அப்பா என் கையைப் பிடித்தார். புழுதி அடங்குவதற்குள் கார் வெளியே வந்தது. மற்ற இரண்டு சுற்றையும் முடித்தார். பட்டியலில் அம்மாவின் பெயர் கடைசிக்கு முந்தையது.

"செயிச்சுட்டாளா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு இப்புடிச் சிரிக்கிறா?"

நான்கு மாதம் கழித்து அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முன்பே தெரிந்துதான் ரேஸுக்குப் போனாரோ என்று ஓர் எண்ணம் வந்தது. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. மருத்துவரைக் கேட்டேன். அப்போது தெரிந்திருக்க வழியே இல்லை என்றார். கிடைத்த ஒரே காரணமும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், "கார் சுத்துனப்ப பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"பயமாத்தான் இருந்துச்சு அப்பு. ஆனா அப்ப நீங்க யாருமே ஞாபகத்துக்கு வரல." சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டவர் போல என் கையைத் தடவினார். அதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி நாட்களில் முறைவைத்து உடனிருந்த சித்திமார்களுக்கும், ரத்தம் கொடுத்த தங்கையின் தோழிகளுக்கும், சேவியர் அண்ணனுக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்தப் போட்டியாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அட்டைப் படத்தில் முகம் தெரியவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். பட்டுப் புடவையில் நல்ல படங்கள் இருந்தன. அப்பாதான் பந்தயத்தன்று ஹெல்மெட் போட்டிருந்த படத்தை எடுத்துக்கொடுத்தார். ஏன் இது என்று கேட்டேன்.

"தெரியலடா. இதுதான் அவ மாதிரி இருக்கு" என்றார்.