குவியலுக்குப் போட்ட சிவப்பு முக்கோணம்

காத்தான்குடிக்குப் போன லொறி, ஏற்றிய மூட்டைகளோடு அப்படியே திரும்பி வந்தது. அதை அனுப்பிய அரிசி ஆலையில் நான் உற்பத்தி அதிகாரி. சாரதி தன் போனை நீட்டினார். மறுமுனையில் மொத்த வியாபாரி ஹாஜியார்.

"தம்பி, நான் கேட்டது புழுங்கல் அரிசி. நீங்க அனுப்பினது கோழித் தீன். சாக்குக்குள்ள கைய விட்டா உடைஞ்ச குறுணல்தான் வருது."

அந்தக் குறுணல் என் மடிக்கணினியில் உருவானது.

1. பிரவுண் தாள்

ஆலை வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிப் பாதையில் இருந்தது. நெல் வாசலுக்கு வந்ததிலிருந்து அரிசியாக வெளியேறும் வரை ஒவ்வொரு வேலையையும் காத்திருப்பையும் நேரத்தோடு காட்டும் படத்துக்கு வேல்யூ ஸ்ட்ரீம் மேப் என்று பெயர். வேலைக்குப் பெட்டி, காத்திருப்புக்கு முக்கோணம். முன்பு அதைச் சுவரில் ஒட்டிய பிரவுண் தாளில் பென்சிலால் கீறுவேன். அழித்து அழித்துத் தாள் கிழியும். போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நெல் அவிக்கும் பொயிலர்காரர் "இது பிழை" என்று கரி விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போவார். அந்தக் கரி அடையாளங்களை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு மென்பொருள் வந்தது. பெட்டியை இழுத்து விட்டால் நிற்கும். நேரத்தைத் தானே கூட்டும். என் மேசைக்கு வந்து பிழை சொல்ல ஒருவரும் இல்லை.

2. மூன்று மணித்தியாலம்

அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் காயவைக்க ஆறு பெண்கள் இருந்தார்கள். மேற்பார்வை நல்லம்மா. நெல் பாதி காய்ந்ததும் குவித்து, படங்கு விரிப்பால் மூடிவிட்டு வேம்பு நிழலில் இருப்பார்கள். மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பரப்புவார்கள். நான் ஸ்டொப் வோச்சோடு நின்று குறித்தேன். அந்த நேரம் ஒருவரும் நெல்லைத் தொடவில்லை. ஆகவே முக்கோணம் போட்டேன். மென்பொருள் அதை வீண் நேரமென்று சிவப்பாக்கியது.

முகாமையாளர் திரையைப் பார்த்தார்.

"மூண்டு மணித்தியாலம் சும்மா கிடக்கா? அந்த நேரம் ஆறு பேரும் என்ன செய்யிறாங்க?"

"இருப்பாங்க சேர்."

"அப்ப அந்த வேலைக்கு நாலு பேர் காணும். குவிக்காம ஒரேயடியாக் காயட்டும்."

நான் முக்கோணத்தை அழித்தேன்; மறுநாளிலிருந்து தளத்தில் குவிப்பதும் நின்றது. மொத்த நேரத்தில் மூன்று மணித்தியாலம் குறைந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன். மாத முடிவோடு இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஒருவர் நல்லம்மா.

3. இரண்டு தட்டு

லொறி திரும்பிய அன்று மாத முடிவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு பிடி குறுணலோடு தளத்துக்குப் போனேன்.

"குவிச்சு வெச்சது எதுக்கு?"

"மேல காஞ்சிருக்கும், உள்ளுக்க ஈரம் நிக்கும். மூடி வெச்சா ஒரு சீரா வரும். மறுகா திரும்பவும் காய வெச்சா மில்லில உடையாது" என்றார் நல்லம்மா.

"இத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"நீங்க எங்க சேர் கேட்டீங்க? மணிக்கூட்டத்தானே பாத்துக்கிட்டு நிண்டீங்க. துப்பினா அதையும் எழுதுவாரெண்டு இந்தா இருக்கிற இவள் வெத்திலைய முழுங்கிட்டாள்."

முகாமையாளரிடம் போய் நல்லம்மா சொன்னதைச் சொன்னேன்.

"படம் பிழையா, ஆள் பிழையா?"

"ஆள், சேர். நான்."

மறுநாள் நெல்லில் பாதியைக் குவித்து மூடினோம். மற்றப் பாதியை நேரே காயவிட்டோம். வேறு வேறாகக் குற்றி, இரண்டு தட்டில் அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். குவித்த நெல்லின் தட்டில் முழு அரிசி, மற்றதில் குறுணல். இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆறு பேரும் வேலையில நிக்கட்டும். ஹாஜியாரோட நானே கதைக்கிறன்."

4. பெட்டி

முக்கோணத்தைப் பெட்டியாக்கி, "ஈரம் சீராக்கல், ஆறு பேர்" என்று எழுதினேன். பெரிதாக அச்சிட்டுத் தளத்துச் சுவரில் ஒட்டினேன், பிரவுண் தாள் காலத்தைப் போல. நல்லம்மா வந்து நின்றார்.

"எங்கட குவியல் எங்க?"

காட்டினேன்.

"குவியல் எண்டா முக்கோணமாத்தானே இருக்கும் சேர்? பெட்டி கீறி வெச்சிருக்கீங்க!"

ஆறு பேரும் சிரித்தார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதைய அதிகாரிகள் தங்கள் மேப்பை போனில் அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நான் முதலில் முக்கோணங்களைத்தான் பார்ப்பேன். "இதுக்குப் பக்கத்தில நிக்கிற ஆளிட்டக் கேட்டீங்களா?" என்று மட்டும் எழுதுவேன். உடனே பதில் வந்தால் எனக்குத் திருப்தி இல்லை. தாமதமாக வந்தால், கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.