தாம்பூலப் பையில் வந்த புத்தகம்

என் அண்ணன் ஆன்மிகப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்று அண்ணி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் சிமெண்டும் கம்பியும் விற்பவர் அவர். கல்லாவில் உட்கார்ந்து வாய் கூசாமல் பொய் சொல்வார். அப்படிப்பட்டவர் தன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டாராம். பின்னட்டையிலும் அதையே போட்டிருந்தார்.

எந்தப் பதிப்பகத்துக்கும் அவர் அனுப்பவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலேயே கொடுத்து அடித்துவிட்டார். இது நிஜமா என்று கேட்க இடையில் ஒரு ஆள் இருக்கக் கூடாது, அதுதான் அவருக்கு வேண்டியது. அட்டையில் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர், அவருக்குக் கீழே கைகூப்பியபடி இவர். கட்டுக்கட்டாகப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பெருமாள் காலடியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் தடவி எடுத்து வந்திருந்தார்கள். சாமி படம் போட்டு, குங்குமமும் வைத்த புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராது. நன்றாக இருந்தாலும் கண்றாவியாக இருந்தாலும் பூஜை அலமாரியில் கிடக்கும். அண்ணன் வியாபாரி, இதெல்லாம் யோசிக்காமல் செய்ய மாட்டார்.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்றுதான் வெளியீடு. காலையில் தாலி கட்டும் நேரத்தில், "பந்தியில என்ன வேணும்னு நீ கொஞ்சம் பாரேன்" என்று அண்ணி என்னை மாடிக்கு அனுப்பினாள். கணவனை இழந்தவள் எதிரே நிற்கக் கூடாது என்பதை அவ்வளவு நாசூக்காகச் சொல்ல அவளால்தான் முடியும். அதே நான் சாயந்தரம் மேடைக்குத் தேவைப்பட்டேன். முதல் பிரதியை என் தங்கை வாங்குவாள் என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார் அண்ணன். நான் வாங்கினேன். பழக்க தோஷம், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தார்கள்.

காட்டாங்குளத்தூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், "சார் எதையுமே மறைக்கல" என்று அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் புத்தகத்தைப் பிரித்தேன். என் வீட்டுக் கதை இருந்தது.

"தங்கையின் கணவர் படுத்த படுக்கையானபோது மாதந்தோறும் சுவாதி நட்சத்திரத்தன்று சிங்கப்பெருமாள் கோவில் மலையைச் சுற்றி வந்தோம். கொஞ்ச நாளில் தங்கை நம்பிக்கை இழந்து வருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை போய்விட்டார். நம்பிக்கை இல்லாத வீட்டுக்காக நான் ஒருவன் வேண்டி என்ன பயன்? எழுத மனம் வலிக்கிறது. ஆனாலும் உண்மையை மறைக்க மாட்டேன்."

சுற்றி வந்தோமாம். வெறுங்காலோடு சுற்றியது நான். அவர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு, லோடு ஏன் இன்னும் வரவில்லை என்று லாரி டிரைவரைப் போனில் திட்டிக்கொண்டிருப்பார். வண்டியில் கூட்டிப்போனதும் ஒரு வேண்டுதல்தான் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் என் கணவர் சாவுக்கு நான் காரணம் என்று அச்சடித்து, தேங்காயோடும் வெற்றிலை பாக்கோடும் ஊருக்கே கொடுக்கிறாரே!

நிமிர்ந்து பார்த்தேன். ஹால் வாசலில் தாம்பூலப் பை கொடுக்க என் மகளை நிறுத்தியிருந்தார்கள். மேஜைமேல் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. எந்தப் பக்கம் என்று எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. அவள் அப்பா படுத்திருந்தபோது அவள் கோயம்புத்தூரில் கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கோவிலுக்குப் போனதும் அவளுக்குத் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது.

ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"கோவிலுக்குப் போறத நான் நிறுத்தினது வாஸ்தவம்தான்" என்றேன். "என் வீட்டுக்காரர்தான் நிறுத்தச் சொன்னாரு. 'நீ அங்க போற சாயந்தரம் பூரா நான் தனியா கெடக்கறேன். இருக்கற வரைக்கும் பக்கத்துல உக்காரு'ன்னாரு. உக்காந்தேன். ஏன் வரலன்னு அண்ணன் ஒரு நாள்கூட எங்கிட்ட கேக்கல. கேக்காமலே எழுதிட்டாரு. இந்தப் பக்கம் பொய்."

கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டுகிறோம் என்றெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. தொகுப்பாளர் நெகிழ்ச்சியான உரை என்று நன்றி சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவித்தார்.

வீடு திரும்ப நானும் மகளும் ஆட்டோவில் ஏறினோம். பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோது, "அப்பா வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் போனதிலிருந்து இதுவரை என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன். ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார்.

மறுநாள் அண்ணன் போன் செய்தார். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"நேத்து நீ பேசினதக் கேட்டு எல்லாரும் கண் கலங்கிட்டாங்கம்மா. அதை அப்படியே எழுதிக் குடு. அடுத்த எடிஷன்ல சேத்துடலாம். ரொம்ப நிஜமா இருக்குது."

"மொதல்ல அந்தப் பக்கத்த எடுண்ணா."

"அத எப்படி எடுக்கறது? என் மனசுல பட்டத நான் எழுதினேன். உன்னுது பக்கத்துல இருக்கட்டும். படிக்கறவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

"என் புருஷன் ஏன் செத்தாருன்னு உன் கடைக்குக் கம்பி வாங்க வர்றவன் முடிவு பண்ணணுமா?"

"கோவப்படாத. சாமி பேரால எழுதினது."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை.

அவர் புத்தகம் எத்தனையோ பூஜை அலமாரிகளில் குங்குமத்தோடு இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். என் கணவர் சொன்னதில் பாதியைத்தான் மேடையில் சொன்னேன். மீதி ஆட்டோவில் என் மகளுக்குச் சொன்னது. அதை இங்கே எழுத மாட்டேன். அண்ணன் இதையும் படிப்பார். அடுத்த பதிப்புக்கு அவருக்கு வேண்டியது இதில் கிடைக்காது.